கருவிகள்: இரண்டு

சமுகமளித்தோர்: மாதர் சங்கத் தலைவி தெரேசம்மா, பிள்ளைக்காம்பராவில் இருந்த ஒரே பெரிய கதிரையில். அழகம்மா, சின்னப் பிள்ளைகள் சோறு சாப்பிடும் குட்டை வாங்கில், முழங்கால் நாடியில் இடிக்க. கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்ளும் ஏஞ்சலின், பாயில், மடியில் ஒரு குழந்தையோடு. டெனிஸ், தொட்டிலுக்குப் பக்கத்தில், நின்றபடி. எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

நான் மேசையில். என் துணிப்பை என் மடியில்.

நான் பஸாரில் குடியிருக்கிறேன். முப்பது வருடமாக இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பெட்டிசம் எழுதுகிறேன். தண்ணீர்க் குழாய்க்கு, கூரைத் தகரத்துக்கு, பாதைக்கு. ஒன்றிலும் தேதி பிழைத்ததில்லை, எண்ணிக்கை பிழைத்ததில்லை.

ஒருவனைப் புகழ்ந்து எழுதச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

போன மாத மழைக்கு றக்வான ரோட்டில் மண் சரிந்தது. கரண்ட் இல்லை, போனுக்கு சிக்னல் இல்லை. காலையில் அழகம்மாவின் மகள் பிரேமலதாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. டெனிஸ் தன் பழைய காரில் அவளை ஏற்றிச் சரிவுவரை கொண்டுபோனான். காரில் பூட்டியிருந்த வயர்லெஸில் பேசினான். அரை மணித்தியாலத்தில் சரிவின் அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பிரேமலதாவை ஒரு கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிச் சரிவைக் கடத்தினார்கள்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம்.

டெனிஸ் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவன். மற்ற நேரமெல்லாம் கையில் ஸ்பேனர்தான். அந்தக் காரின் எஞ்சினை மூன்று தரம் கழற்றிப் பூட்டியிருக்கிறான். சைக்கிள் ஹேண்டிலிலும் ஒரு வயர்லெஸ். மிதித்தால் டைனமோவில் சார்ஜ் ஏறும். ஏரியல், உடைந்த குடைக்கம்பி.

"கொழும்புல வயர்லெஸுக்குன்னே ஒரு கந்தோரு இருக்காமே. அங்கயே எழுதுங்க ஐயா. மெடல் குடுக்கிறதுன்னா அவங்கதானே குடுக்கணும்" என்றார் தெரேசம்மா.

அந்தக் கந்தோர் கொடுப்பது மெடல் அல்ல, லைசன்ஸ் என்றேன். டெனிஸிடம் அது இல்லை என்றேன். இல்லாமல் வைத்திருந்தால் சாமானைப் பறித்துக்கொண்டு வழக்கும் போடுவார்கள் என்றேன்.

"நல்லது செஞ்சவனையா புடிப்பாங்க? ஒங்களுக்கு வயித்தெரிச்சல்!"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மேல் வாதாட எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தச் சட்டமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிட்டால்?

டெனிஸைப் பார்த்தேன். அதுவரை அவனைப் பற்றி வந்த காகிதமெல்லாம், வேலைக்குப் பிந்தியதற்காகத் தோட்டத் துரை அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள்தான்.

"எழுதுங்கண்ணே" என்றான். "பேரை மட்டும் முழுசாப் போடுங்க."

எழுதினேன். எனக்குத் தெரிந்தது பெட்டிசம் எழுதும் முறை ஒன்றுதான்.

'மேற்படி நபர் மேற்படி தினம் காலை 9.40 மணியளவில் மேற்படி கருவியைப் பாவித்ததை நாங்கள் நேரில் கண்டோம். இவர் கடந்த மூன்று வருடங்களாக இக்கருவிகளைப் பாவித்து வருகிறார். கருவிகள் வைத்திருக்கும் இடம்: கீழ் லயம், ஆறாம் காம்பரா.'

"அந்தி ஆறரைக்கு ஓவர் ஓவர்னு கத்துவானே, அதையும் எழுதுங்க ஐயா" என்றாள் ஏஞ்சலின். "லயமே என்னமோ பொண்ணுகூடப் பேசுறான்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்துச்சு!"

அதையும் எழுதினேன்.

'ஆகவே தாங்கள் நேரில் வந்து, மேற்படி நபர் விடயத்தில் உடனடியாகத் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

வாசித்துக் காட்டினேன். அழகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரதி போடலையே?" என்றார் தெரேசம்மா. "எப்பவும் போல பொலிசுக்கும் ஒண்ணு போடுங்க."

போட்டேன். எல்லோரும் கையொப்பம் வைத்தார்கள். அப்போதுதான் அழகம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"காருல ஒண்ணு, சைக்கிள்ல ஒண்ணு. சைக்கிளு அன்னைக்கு வீட்டுலதானே கெடந்துச்சு? அப்ப ஒன் பேச்சக் கேட்டு ஆட்டோ புடிச்சு அனுப்புனது யாரு தம்பி?"

டெனிஸ் கூரையைப் பார்த்தான். "தெரிஞ்ச ஆளு ஒருத்தரு."

"அவருக்கும்தானே மெடல் குடுக்கணும். பேரைச் சொல்லு."

"பேரு வேணாம்னுட்டாருக்கா."

எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று தெரேசம்மா வியந்தார். நான் குனிந்து, விட்டுப்போன வரியைச் சேர்த்தேன். கருவிகள்: இரண்டு.

பிள்ளைகளின் சட்டியிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை எடுத்து இரண்டு உறைகளையும் ஒட்டினேன். தபால் கந்தோர் மூடுவதற்குள் பஸாருக்குப் போகச் சைக்கிள் வைத்திருப்பவன் டெனிஸ் ஒருவன்தான். கடிதங்களைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு இறக்கத்தில் பறந்தான்.

தேத்தண்ணி குடித்துவிட்டு நானும் நடந்து இறங்கினேன். இரண்டாவது வளைவில், கொழுந்தை நிறுவையில் போட்டுவிட்டுப் பெண்கள் கூட்டமாக எதிரே வந்துகொண்டிருந்தார்கள்.

என் பை கரகரத்தது.

"அண்ணே, ரிஜிஸ்டர்லயே போட்டுட்டேன். பொலிசுக்கு உள்ளதக் கையிலயே குடுத்துட்டேன். கேக்குதாண்ணே? ஓவர்."

கேட்டது. பைக்குள் கையை விட்டு, டிக் என்று சத்தம் வரும்வரை குமிழைத் திருகினேன்.