ஏழு அங்குலப் பனி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் காலை வெயில் புதுப்பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. வீட்டுப் பின்புறத்து மரமேடையில் நார்மண்ட் மண்டியிட்டு, அளவு டேப்பைப் பனிக்குள் இறக்குகிறார். ஓரத்தில் ஏழு அங்குலம். ஊர்ந்துபோய் நட்டநடுவில் இறக்குகிறார். அங்கேயும் ஏழு. அதற்கு நேர் கீழே, அவர் தன் கையால் தோண்டிக் கட்டிய அறையில், சட்டம் அனுமதித்த மூன்று கஞ்சாச் செடிகள் விளக்கொளியைக் கோடை வெயில் என்று நம்பி நிற்கின்றன. திருடர்களுக்குப் பயந்து மறைத்த அறை அது. போன குளிர்காலத்தில் விளக்குச் சூடு மேலேறி, மேடை நடுவில் மட்டும் பாய் விரித்தாற்போல் பனி உருகிவிட்டது. "அடியில கோழி அடைகாக்குதா?" என்று அடுத்த வீட்டு ரோலண்ட் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மறுவாரமே அறைக் கதவில் கடப்பாரைத் தடம். இந்தக் கோடை முழுக்க நார்மண்ட், சூடு மேலேறாதபடி, மேடையடியில் தெர்மாகோல் பலகைகளை இழைத்து இழைத்துப் பொருத்தினார்.

"பனிய அளந்து பரிசா வாங்கப்போற? உள்ள வாயேன்," என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கிளாடெட் கூப்பிடுகிறாள். அவர் அசையவில்லை. வேலிக்கு மேல் ரோலண்டின் தலை எழுகிறது, ஆவி பறக்கும் காபியோடு. அந்தக் கண்கள் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகப் போகின்றன.

"என்னப்பா, கோழியெல்லாம் செத்துப்போச்சா? எங்க வீட்டுப் பனி மாதிரியேதான் கிடக்கு."

நாற்பது வருடத் தச்சுவேலையில் எத்தனையோ பேர் நார்மண்டின் தோளில் தட்டிப் பாராட்டியிருக்கிறார்கள்.

"இன்னொரு தரம் சொல்லு," என்கிறார்.