யாரும் பார்க்கவில்லை

"நம்ம ஃபைல் எதுவாவது வெளியாளுங்க பார்க்கிற மாதிரி திறந்து கிடக்கா?" என்று லேப்டாப்பில் தட்டிவிட்டு, நேத்ராவதி கிர்மிட் பொரிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஹூப்ளியில் அந்தக் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண்கள் பிள்ளைகளோடு ஒளிந்திருக்கும் இடம். காய்கறிக்காரனிடம்கூட தையல் வகுப்பு என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள்.

வழக்குத் தாள்கள், மருத்துவச் சீட்டுகள், படங்கள் எல்லாம் கிளவுடில் இருந்தன. போன மாதம்தான் ஒரு ஏஐ ஏஜென்ட்டை அதோடு இணைத்தார்கள். கேட்டால் போதும், ஒவ்வொரு ஃபைலாகப் போய் யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லும்.

பொரி தீர்வதற்குள் பதில் வந்துவிட்டது.

வழக்குத் தாள்களில் பிரச்சினை இல்லை. மருத்துவச் சீட்டுகளிலும் இல்லை. 'நம் குழந்தைகள்' என்ற படத் தொகுப்பை மட்டும் லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். திறந்துவிட்டது இயக்குநர் விஜயா மேடத்தின் கணக்கு. வாரந்தோறும் அதில் புதுப் படங்கள் சேர்கின்றன.

சேர்ப்பவள் நேத்ராவதிதான்.

அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. பல படங்களில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கடையின் பலகை படிக்கும்படி தெரிகிறது.

அவள் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். சுரேகாவின் மகள் பூமிகா, மூக்கெல்லாம் கேக் கிரீம் அப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் தலைக்குப் பின்னால் எதிர்ச்சாரியில் இருக்கும் சங்கமேஷ்வர கானாவளி என்ற சாப்பாட்டுக் கடையின் பலகை, தெருப் பெயரோடும் போன் நம்பரோடும்.

சுரேகா இங்கே வந்தபோது தாடை உடைந்திருந்தது. வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் தன் பெயரையே எழுதித்தான் காட்டினாள். இன்றுவரை துணி உலர்த்தக்கூட அவள் மாடிக்குப் போனதில்லை.

நேத்ராவதி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினாள்.

"டோனருங்க யாரு இதுக்குன்னு உக்காந்து லாகின் பண்ணுவாங்க? புள்ளைங்க சிரிக்கிறதப் பார்த்தாதான் கை நீளும். அதான் திறந்து விட்டேன்" என்றார் மேடம். "இப்ப என்ன, மூடிட்டாப் போச்சு."

ஏஜென்ட்டிடம் மூடச் சொன்னாள். மூடியது.

யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள்.

"லிங்க் வழியாகப் பெயர் காட்டாமல் வருகிறவர்களைப் பற்றிய பதிவு கிடைப்பதில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. படங்களில் இருப்பவர்களிடம் உடனே தெரிவிப்பது நல்லது."

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"பதிவு இல்லன்னா யாரும் பார்க்கலன்னுதானே அர்த்தம்? கமிட்டிக்குப் போற ரிப்போர்ட்ல அப்படியே எழுது."

"சுரேகாகிட்ட மட்டுமாவது சொல்லிடலாம் மேடம்."

"சொல்லி? அவ ஒப்பாரி வைப்பா, மத்தவளுங்களும் மூட்டையைக் கட்டுவாளுங்க. அப்புறம் நீயும் நானும் யாருக்கு ஆபீஸ் நடத்துறது? போய் ரிப்போர்ட்ட அனுப்பு நேத்ரா."

நேத்ராவதி எழுதினாள். 'ஒரு படத் தொகுப்பு தவறுதலாகத் திறந்திருந்தது. இன்று மூடப்பட்டது. வெளியாட்கள் யாரும் பார்க்கவில்லை.'

ஒருமுறை படித்துப் பார்த்தாள். தானே எழுதியது என்றாலும் அந்தக் கடைசி வாக்கியம் நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டாள்.

சமையலறையில் சுரேகா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. வெயில்."

சுரேகா சூடாக ஒரு ரொட்டியை எடுத்து, நடுவில் வெண்ணெய் வைத்து நீட்டினாள். நேத்ராவதி அங்கேயே நின்று அதைச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அழைப்புமணி அடித்தது. காவலுக்கு இருக்கும் அம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பால்காரர் என்று நினைத்து நேத்ராவதியே போய்க் கதவைத் திறந்தாள்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவன் நின்றிருந்தான். நெற்றியில் விபூதி. கையில் தார்வாட் பேடா டப்பா.

"நமஸ்காரம்க்கா. சுரேகாவோட வீட்டுக்காரன் நான்."

அவள் கதவின் கைப்பிடியைப் பற்றினாள்.

"பயப்படாதீங்க. இந்த இடம் எனக்கு எப்பவோ தெரியும். எங்க பஜனை குரூப்ல உதவி கேட்டு உங்க லிங்க்கு வந்துச்சு. தொறந்து பார்த்தா என் பொண்ணு!" அவன் சிரித்தான். "அவளுக்குப் பல்லு விழுந்தது, ஹாலுக்குள்ளயே சைக்கிள் கத்துக்கிட்டது, எல்லாம் பார்த்துட்டேன். அவங்கம்மா பின்னாடி நின்னு பிடிச்சிட்டிருப்பா. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க, குறை சொல்லக் கூடாது."

உள்ளே சுரேகா மகளைக் குளிக்கக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் காதைத் திருப்பினான்.

நேத்ராவதி கதவைச் சாத்தப் பார்த்தாள். அவன் செருப்புக் கால் ஏற்கெனவே நிலைக்கு உள்ளே இருந்தது.

"தெனமும் காலையில டீ குடிக்கிறப்ப ஒருவாட்டி பார்த்துடுவேன்க்கா. அன்னிக்குப் பூரா மனசு அடங்கிக் கிடக்கும்" என்றான், கதவைத் தோளால் மெல்லத் தள்ளிக்கொண்டே. "இன்னிக்கு என்னமோ தொறக்கவே இல்ல. அதான் நேர்லயே வந்துட்டேன்."