பழைய கடை வாசல் கம்பம்

"அந்தக் கம்பத்துல விளம்பரம் போட்டா நாய்தான் படிக்கும், முதலாளி" என்றான் ஹோட்டா. "படிச்சிட்டு ஒரு காலைத் தூக்கும். அதோட வியாபாரம் முடிஞ்சுது."

காகித விளக்குக் கடை ஹிபினோ சிரிக்கவில்லை. மூங்கில் வளையங்களின் மேல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஃபுசாயோவும் சிரிக்கவில்லை. ஹோட்டாவுக்குச் சுருக்கென்றது. விளம்பர ஏஜெண்ட் சொல்லும் ஜோக்குக்குக் கடைக்காரர் சிரித்துவிட்டால் பாதிக் கையெழுத்து விழுந்த மாதிரி.

இந்த வட்டாரம் ஹோட்டாவின் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் கடையின் நிலவரம் அவனுக்குத் தெரியும். ஆற்றுப் பாலத்தருகே வீடும் கடையுமாக இருந்த பழைய கட்டடத்தை வசந்த காலத்தில் இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். இவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு இந்தச் சந்துக்கு வந்தார்கள். புது விலாசம் காற்றுக்கே தெரியாது போலிருக்கிறது. கடை நிறைய விளக்குகள் தொங்கியும் ஒன்றுகூட ஆடவில்லை.

விளம்பரத்துக்கென்று அவர்களால் ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு தடவைக்கான பணம். அது வீணானால் அடுத்த வருஷம் விளம்பரம் செய்யக் கடையே இருக்காது.

"நான் சொல்றதைக் கேளுங்க. ரயில் நிலைய வாசல்ல ஒரு பலகை போடுவோம். ஓபோன் பண்டிகைக்கு ஊர் திரும்புற சனம் மொத்தமும் அங்கதான் வந்து இறங்கும். செத்துப்போனவங்க வீட்டுக்கு வர்ற பண்டிகை. வெளிச்சம் காட்ட விளக்கு வாங்காம எவன் போவான்?"

"பழைய கடை வாசல்ல இருக்கிற கம்பம்தான்" என்றார் ஹிபினோ.

"சரி, பஸ் முதுகுல போடலாமா? ஊரெல்லாம் சுத்தும்."

"கம்பம்தான், தம்பி."

ஹோட்டா பார்லித் தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். கோபத்தை எங்காவது இறக்க வேண்டுமே என்று வாசலைக் காட்டினான். "அதோ, அந்த வெள்ளை விளக்கு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுல கட்டுறது. அதைப் போய் வாசல்லயே மாட்டி வெச்சிருக்கீங்களே! சாராயக் கடைக்குச் சிவப்பு விளக்கு வாங்க வர்றவன் பார்த்தா அப்படியே திரும்பி ஓடிடுவான். சரக்கை உள்ள மாட்டுங்க."

"அது அங்கயே இருக்கட்டும்."

விளக்குக் கடையில் ஒரு விளக்குக்காக வழக்காடுவானேன் என்று ஹோட்டா விட்டுவிட்டான். பேனாவை எடுத்தான். "வாசகம் சொல்லுங்க."

"'விளக்குக் கடை. இங்கே வலது பக்கம் திரும்பு.' பக்கத்துல பெருசா ஒரு அம்புக்குறி."

"'திரும்பவும்'னு மரியாதையா போட்டுடறேன்."

"வேணாம். 'திரும்பு'ன்னே இருக்கட்டும். எழுத்து எல்லாம் சுலபமான ஹிராகனாவுல. கஷ்டமான எழுத்து ஒண்ணுகூடக் கூடாது."

ஹோட்டாவின் முகம் மலர்ந்தது. "ஓகோ! சுற்றுலா வர்ற வெள்ளைக்காரங்களுக்கா? அரைகுறையா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்களுக்கு! அடடா, முதலாளி, ஆளு சாதுவா இருந்தாலும் மூளை எங்கயோ போகுது. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. எவ்வளவு உயரத்துல கட்டணும்?"

ஹிபினோ மனைவியைப் பார்த்தார். ஃபுசாயோ பசைக் கையோடு எழுந்து வந்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே காற்றில் நிறுத்தினாள்.

"இவ்வளவு."

நாய் ஜோக் இன்னொரு தடவை ஹோட்டாவின் நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கை நின்ற விதத்தைப் பார்த்து அதை விழுங்கினான். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் நெட்டைக் கொக்குகளாயிற்றே என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

"பதிமூணாம் தேதி சாயங்காலத்துக்குள்ள கட்டிடணும்" என்றார் ஹிபினோ.

"பதிமூணா? அன்னிக்கு சாயங்காலம் ஊரே வாசல்ல நெருப்பு மூட்டி, செத்துப்போனவங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்குமே! விளக்கு வாங்குறவன்லாம் வாங்கி முடிச்சிருப்பான். அப்புறம் யாருக்கு விளம்பரம்?"

"அதுக்குள்ள கட்டணும்."

ஹோட்டா பேனாவை மூடினான். ஏஜெண்ட் ஒருவன் வருகிற பணத்தை வேண்டாம் என்று சொன்னதாக அந்த ஊரில் அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. அன்று அவன் சொன்னான்.

"உங்க காசை வாங்கிட்டுப் போறது எனக்கு நிமிஷ வேலை, முதலாளி. மனசு கேக்கல. கடை மாறினது இந்தத் தெருப் பூனைக்குக்கூடத் தெரியும். பழைய வாடிக்கைக்காரங்க அத்தனை பேருக்கும் கார்டு போட்டாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னும் யாருக்குத் தெரியாதுன்னு இருக்கிற பணத்தை அந்தக் கம்பத்துல கொண்டுபோய்க் கட்டுறீங்க?"

ஹிபினோ வாசல் பக்கம் திரும்பினார். வெள்ளை விளக்கு முதல் முறையாக லேசாக ஆடியது.

ஃபுசாயோ காற்றில் நிறுத்திய கையை இன்னும் கீழே இறக்கவில்லை. எதையோ வருடுவது போல விரல்கள் மட்டும் மெல்ல அசைந்தன.

"நாங்க வீடு மாறினது எங்க பாப்பாவுக்குத் தெரியாதே, தம்பி."