மூச்சு விட்ட அட்டை

நவம்பர் குளிரில், பேஸ்பால் மைதானத்து இருக்கைகளில் எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். எடுக்கிற படத்தில் அது ஜூலை மாதம்.

பேசினால் வாயிலிருந்து ஆவி வரும், குட்டு உடைந்துவிடும். அதனால் கூட்டமாக நடிக்க வந்த முந்நூறு பேருக்கும் ஆளுக்கொரு ஐஸ்கட்டி. அதை வாயில் அடக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்து, கைகளை ஆட்டி ஆரவாரம் செய்யவேண்டும். சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கொள்வார்களாம்.

ரோஸ்லினும் காலையிலிருந்து அந்தக் கூத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை கையைத் தூக்கியபோது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

ஆறு வயது மகள் வில்லாவைக் காணவில்லை.

முன்வரிசை, பின்வரிசை, படிக்கட்டு. எங்கும் இல்லை.

மைதானத்துக்கு அந்தப்பக்க இருக்கைகளில் ஆளே கிடையாது. கூட்டம்போலத் தெரிய ஆயிரக்கணக்கில் அட்டை மனிதர்கள். அவர்களில் ஒரு குண்டு மனிதனின் மடியில் பாப்கார்ன் வாளி. அடிக்கப்பட்ட பந்து பறந்து வந்து அந்த வாளியைச் சிதறடிக்க வேண்டும். காற்றழுத்தக் குழாயில் நிஜமான பேஸ்பால் பந்தை வைத்திருந்தார்கள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று காலையில் இயக்குநர் சொன்னபோது ரோஸ்லினும் சிரித்தாள்.

வாளிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை மூச்சு விட்டது.

வெள்ளையாக, கொஞ்சூண்டு ஆவி. மறுபடியும் ஒன்று.

கீழே துணை இயக்குநர் கர்ட் ஒலிபெருக்கியில் எண்ணத் தொடங்கிவிட்டான். "மூணு."

ரோஸ்லின் பைத்தியக்காரிபோல இரண்டு கைகளையும் வீசினாள். சுற்றிலும் அறுநூறு கைகள் அப்படித்தான் வீசிக்கொண்டிருந்தன. ஒருத்தி நன்றாக நடிக்கிறாள் என்று கேமரா அவள் பக்கம் திரும்பியதுதான் மிச்சம்.

"ரெண்டு."

ஐஸ்கட்டியைத் துப்பினாள். படப்பிடிப்பில் இயக்குநரைத் தவிர வேறு யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாத அந்த ஒரே வார்த்தையை, தொண்டை கிழிய, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கட்!"

குழாய்க்காரனின் கை விசையிலிருந்து விலகியது. பழக்கதோஷத்தில் முந்நூறு பேரும் கையைக் கீழே போட்டார்கள். மைதானம் அப்படியே அடங்கியது.

கர்ட் படியேறி ஓடிவந்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்த திசையைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது.

"ஏம்மா, உங்க பொண்ணா அது? பேரைச் சொல்லி ஒரு குரல் குடுத்திருந்தா அவளே எழுந்து ஓடியிருப்பாளே."

அத்தனை பேரும் கையை இறக்கியிருந்த அந்த மைதானத்தில் ரோஸ்லினின் கைகள் மட்டும் உயர்ந்திருந்தன. விரல்களால் மகளிடம் பேசினாள். எழுந்திரு. கீழே இறங்கு. இப்பவே.

எதிரே அட்டைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு சின்னக் கைகள் எழுந்தன. பிறந்ததிலிருந்து எந்தக் குரலையும் கேட்டறியாத வில்லா, அம்மாவுக்கு விரல்களாலேயே பதில் சொன்னாள்.

'நான் அசையவே இல்ல, பாத்தியாம்மா?'