மாப்பிள்ளை வரும் வேகம்

“மணி பதினொண்ணரை ஆச்சு. மாப்பிள்ளை எங்கேடி?”

வெர்னா அத்தை இதை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறாளோ, கணக்கே இல்லை. எல்க் ஃபெரி நகரத்தின் பழைய கோர்ட்டுக் கட்டடம். அதன் கல்படிகளில், வெள்ளைக் கவுனை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாரிட் தெருமுனையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“வந்துக்கிட்டே இருக்கான் அத்தை! பாலத்தைத் தாண்டிட்டானாம்!”

“பாலத்துலேர்ந்து நொண்டி நொண்டி நடந்தாக்கூட இதுக்குள்ள வந்திருக்கலாம். இவன் என்ன தவழ்ந்து வர்றானா?”

“கிட்டத்தட்ட!” என்று சொல்லிவிட்டு மாரிட் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாரிட்டின் அப்பா, அதாவது அத்தையின் தம்பி, போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் இடத்தில் நின்று பெண்ணைக் கைபிடித்து ஒப்படைக்கத்தான் ஃபுளோரிடாவிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். வந்த இடத்தில் எதுவுமே சரியில்லை. அவள் கல்யாணமும் தம்பி கல்யாணமும் நடந்த ஆற்றங்கரைத் தேவாலயத்தை இடித்துவிட்டு நெடுஞ்சாலை போடப் போகிறார்கள் என்று வசந்த காலத்திலேயே பேப்பரில் படித்து, ஒரு பாட்டம் அழுது தீர்த்தாகிவிட்டது. அது போச்சு, கோர்ட்டு வாசலில்தான் கல்யாணம் என்றால் அதுவும் போகட்டும். மாப்பிள்ளையே இல்லாமல் என்ன கல்யாணம்?

போதாக்குறைக்கு ஊர் வேடிக்கை வேறு. மெயின் தெரு நெடுக மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, ஐஸ்பெட்டியும் எலுமிச்சை ஜூஸுமாகச் சனம் உட்கார்ந்திருந்தது. அத்தையின் பார்வை பட்டதும் ஒவ்வொருத்தரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“பாரு, ஊரே நம்மளப் பார்த்துச் சிரிக்குது. மானம் போகுது மாரிட்.”

“சிரிக்கட்டுமே அத்தை. கல்யாணத்துக்கு வந்தா சிரிக்காம அழுவாங்களா?”

நீதிபதி ஹோல்கர் வியர்வையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்தார். அத்தையோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு.

“உள்ளே வெந்து சாகறேன் வெர்னா. காலையிலேயே தெரு முழுக்கக் கரண்டை நிறுத்திட்டாங்க.”

“கல்யாண நாளும் அதுவுமா கரண்டும் இல்லையா! நல்லா இருக்கு! பாதிரியாரையும் காணோமே?”

“அவரு மாப்பிள்ளை டேல்கூடத்தான் வர்றாரு” என்ற ஹோல்கர் மீசைக்குள் சிரித்தார்.

“நீயும் சிரிக்கிறியா? மறைக்காம சொல்லு ஹோல்கர். இந்த டேல் எப்படிப்பட்ட பையன்?”

“தங்கமான பையன். எதையும் அலுங்காம குலுங்காம செய்வான். என்ன, கொஞ்சம் மெதுவா வருவான்.”

“சொந்தக் கல்யாணத்துக்கே மெதுவா வர்றவன் குடும்பத்தை எப்படி நடத்துவான்?”

மாரிட்டின் போன் அடித்தது. அவள் எடுப்பதற்குள் அத்தை பறித்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“மாரிட், சின்னச் சிக்கல்” என்றான் டேல். அவனுக்கு மூச்சு வாங்கியது. “மருந்துக்கடை முனையில மேப்பிள் மரத்துக் கிளை இடிக்குது. வெட்டிட்டு இருக்காங்க. இதோ வந்துடறேன்!”

“நான் அத்தை பேசறேன். ஏம்ப்பா, மரக்கிளைக்குப் பயந்து எவனாவது கல்யாணத்துக்கு லேட்டாவானா? வண்டியைப் போட்டுட்டு இறங்கி ஓடி வா!”

“ஐயோ அத்தை, நடுத்தெருவுல விட்டுட்டு எப்படி வர்றது?”

“பொண்ணைவிட வண்டி பெரிசாப் போச்சா உனக்கு?”

“வண்டி இல்லை அத்தை, இது...”

மாரிட் பாய்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏதோ நடந்திருக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் தெரியும், தன்னிடம்தான் சொல்லவில்லை.

“கண்ணு, என்கிட்ட மறைக்காதே” என்று மாரிட்டின் கையைப் பிடித்தாள். “அவன் மனசு மாறிட்டானா? மாறியிருந்தா இப்பவே கிளம்பு, என்கூட வந்துடு. இந்த ஊர்ல நமக்கு இனிமே என்ன இருக்கு? உங்க அப்பனும் இல்லை. எங்க ரெண்டு பேர் கல்யாணமும் நடந்த அந்தச் சர்ச்சும் இல்லை.”

மாரிட்டுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. “இன்னும் ரெண்டே நிமிஷம் பொறுங்க அத்தை. உங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஊருக்கே உத்தரவு போட்டிருக்கேன். நானே கெடுத்துடுவேன் போலிருக்கு!”

“என்னடி உளர்றே?”

தெருமுனையில் திடீரென்று ஆரவாரம் கிளம்பியது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றி வீசினார்கள். ஹோல்கர் நீதிபதி என்பதையும் மறந்து விசிலடித்தார். அந்தச் சத்தத்தை எல்லாம் மீறி ஒரு மணி ஒலித்தது. அத்தை அப்படியே நின்றுவிட்டாள். அது அவள் கல்யாணத்துக்கு அடித்த மணி.

மருந்துக்கடைக் கூரைக்கு மேலே முதலில் ஒரு சிலுவை தெரிந்தது. அப்புறம் கூம்புக் கோபுரம். அப்புறம், வரிசை வரிசையான சக்கரங்களின் மேல், நிலைக்கு வருகிற தேர் மாதிரி அசைந்து அசைந்து, ஆற்றங்கரைத் தேவாலயம் முழுசாகவே முனை திரும்பியது.

அதை இழுத்து வந்த லாரியின் ஜன்னல் வழியே, கோட்டும் டையுமாகத் தலையை நீட்டி டேல் கத்தினான்: “லேட்டானதுக்கு மன்னிச்சுக்குங்க அத்தை, உங்க சர்ச்சை இடிக்க விடாம, ஒரு கண்ணாடிகூட உடையாமக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்!”