ஒரு சுற்று அதிகம்

"சொல்லுடா அந்தோணி! என் புள்ள சைக்கிள்ல அந்த போல்ட்ட டைட்டா வச்சியா, லூசா வுட்டியா?"

சைக்கிள் ரிப்பேர் கடை வாசலில் தலைவிரி கோலமாக நின்று கேட்டாள் சுலோசனா. மகன் சிலம்பரசனுக்குக் காரியம் முடிந்த கையோடு வந்திருந்தாள்.

கடைக்குப் பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்த கிறிஸ்டி, கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். அவள் புருஷன் அந்தோணிதாஸ் ஸ்டூலை விட்டு எழுந்து, தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"டைட்டுதாம்மா அதிகமாயிடுச்சு," என்றான். "கை தவறி ஒரு சுத்து அதிகமா திருகிட்டேன். போல்ட்டு தாங்கல. தப்பு என்னுதுதான்."

சுலோசனா குனிந்து தெருமண்ணை இரண்டு கையிலும் வாரினாள்.

"நல்லா இருப்பியாடா நீ? பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரி வாரா வாரம் நான் தொடச்சுத் தொடச்சு வச்ச சைக்கிள்டா அது! உன்ன நம்பி வுட்டதுக்கு என் குடியக் கெடுத்துட்டியேடா! இந்தக் கடை மண்ணாப் போவ!"

தூற்றிய மண் அவன் தலையில் விழுந்தது. தூற்றியவளுக்கும் நிற்கத் தெம்பில்லை. கிறிஸ்டி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். சுலோசனா இரண்டு கையாலும் செம்பை வாங்கினாள். உப்பளத்தில் வாரி வாரி வெடித்துப்போன கைகள். வெடிப்புக்குத் தடவியிருந்த வேப்பெண்ணெய் குப்பென்று மூக்கில் ஏறியது. பெற்ற வயிறு எரிகிறது, என்ன திட்டினாலும் தகும் என்றுதான் கிறிஸ்டிக்குத் தோன்றியது.

பக்கத்து வீட்டு அருக்காணி வந்து சுலோசனாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

சிலம்பரசனின் சைக்கிள் ஊரே வேடிக்கை பார்த்த சாமான். இரும்பை கிராமத்துப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாடு திரும்பும்போது, தன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மலையேறுவதற்கென்றே செய்த பேட்டரி சைக்கிளாம். மரக்காணத்தில் மலைக்கு எங்கே போவது? இருப்பது உப்புக் குவியல்தான். ஆனாலும் உப்பளத்து வரப்பில் பையன் பறந்துகொண்டிருந்தான். போன மாசம் மெயின் ரோட்டில் போகும்போது, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் போல்ட் முறிந்து, ஹேண்டில் கையோடு வந்துவிட்டது. பின்னால் உப்பு லாரி.

"இன்னாங்க இது?" என்று ஆரம்பித்தாள் கிறிஸ்டி. "அந்தம்மா தூத்துன மண்ணு பத்தாதுன்னு, நீங்களே நம்ம தலையில வாரிப் போட்டுக்கிறீங்க?"

அவன் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"இறுக்கம் அளக்குற டார்க் ஸ்பேனர்ல அளவு அஞ்சு வச்சு, அது 'டிக்'குன்னு சொல்லிட்டா அதுக்கு மேல மயிரிழை திருப்ப மாட்டீங்க. ஊறுகா பாட்டில் மூடியக்கூட அளவாத்தான் மூடுவீங்க. ஊறுகா பூசணம் புடிச்சு நான் கத்துனது தெருவுக்கே தெரியும். உங்க கையா தவறுச்சு?"

"தவறியிருக்கும்."

"தவறல! எதிர்ல குந்திக்கினு இருந்தேன் நானு. அந்த 'டிக்' என் காதுலயும் வுழுந்துது."

"சோத்தப் போடு கிறிஸ்டி."

சோறா இறங்கும்? சாயங்காலம் ஊர் கூடுகிறது. முறிந்த போல்ட்டை எடுத்துக்கொண்டு வரும்படி பெரியவர் தெய்வசிகாமணி சொல்லி அனுப்பியிருந்தார். ரோட்டில் கிடந்ததைப் பொறுக்கி அந்தோணிதாஸ்தான் பத்திரமாக வைத்திருந்தான். தப்பு இவன்மேல் என்று ஆகிவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அப்புறம் யார் நம்பி வண்டியை விடுவார்கள்? பிழைப்புக்கு மறுபடியும் கடல்தான். சுனாமி அலை வந்த அன்றைக்குக் கிறிஸ்டியின் அண்ணனை வாரிக்கொண்டு போன கடல்.

"நீங்க வாயத் தொறக்கலன்னா நான் வந்து சொல்றேன். ஊரு எதிர்ல, அந்தம்மா எதிர்ல. 'என் புருஷன் சரியாத்தான் வச்சாரு, அதுக்கப்புறம் எவனோ கழட்டி முறுக்கியிருக்கான், யாருன்னு கண்டுபுடிங்க'ன்னு கேக்குறேன்."

"வேணாம்."

"ஏன் வேணாம்? எவனோ பண்ணதுக்கு நாம ஏன் கடலுக்குப் போவணும்?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

"காய்ஞ்ச போல்ட்டுக்குத்தான் அந்த அஞ்சு கணக்கு. எண்ணெய் பட்டா வழுக்கும். இறுகுனது கைக்குத் தெரியாது, சுத்திக்கினே போவும். போல்ட்டு உள்ளுக்குள்ளயே இழுபட்டு, ஒரு நாளு படக்குனு வுட்டுடும். நான் காய்ஞ்சதாத்தான் வச்சேன் கிறிஸ்டி. அப்புறமா யாரோ கழட்டி, எண்ணெய் போட்டு, வலுவா திருகியிருக்காங்க. போல்ட்டு திருகுற கீ சைக்கிளோடயே இருந்துச்சே."

"அதத்தான் ஊருல சொல்லுங்கன்றேன்! உப்புக்காத்துக்குத் துரு புடிக்கும்னு இங்க எல்லாரும் எண்ணெய் போடுறவங்கதான். எவன் போட்டான்னு விசாரிக்கட்டும்."

"விசாரிக்கக் கூடாதுன்னுதான் தப்ப நான் ஒத்துக்கினேன்."

"அவன் யாரு உங்களுக்கு? மாமனா, மச்சானா?"

அந்தோணிதாஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே முறிந்த போல்ட் இருந்தது.

"மோந்து பாரு."

வெடுக்கென்று வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

உள்ளே போய் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்து வந்து, வேப்பெண்ணெய் வாசம் துளிகூட இல்லாமல் போகும்வரை, அந்த போல்ட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.