லோரிமர் முத்திரை

“போலி.”

பேக்பைப் நிபுணர் டார்க்வில் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். செத்த எலியை நகர்த்துவது போல, எஃபியின் பேக்பைப்பை ஒற்றை விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

எஃபிக்கு முகம் சுண்டிப் போனது. தோல்பையில் காற்றை நிரப்பி ஊதும் அந்தக் குழல்வாத்தியம் அவள் அப்பா ஊதிய பைப். லோரிமர் கிழவர் தன் கையால் கடைந்தது என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு டார்க்வில் ஒருமுறை உதட்டைப் பிதுக்கியதிலிருந்து, இன்வர்னெஸ் ஊர் முழுக்க அப்பாவுக்குப் புளுகன் என்றே பெயர். அந்தப் பெயரைத் துடைத்துவிட வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள்.

“நல்லாப் பாருங்க சார். உங்களோடதும் பக்கத்துலதானே இருக்கு? அதே குமிழ், சீப்பால வாரின மாதிரி அதே கோடுங்க. தந்த வளையம்கூட ஒண்ணுபோலத்தான் இருக்கு.”

“குமிழை எவன் வேணாலும் கடைவான்மா. நான் பார்க்கறது இதை.” தோளில் சாயும் தன் பெரிய குழலை எடுத்து மடியில் கிடத்தினார். கடைசிக் குமிழுக்குக் கீழே மெல்லியதாக மூன்று கீறல்கள். “லோரிமர் முத்திரை! கண்டுபிடிச்சது யாரு? நான்.”

கண்டுபிடித்ததோடு விட்டாரா? அதற்கென்று புத்தகமே போட்டார். அன்று முதல் மூன்று கீறல் இல்லாத லோரிமர் எல்லாம் போலி என்றாகி, எத்தனையோ வீட்டுப் பைப்புகள் பரணுக்குப் போயின. ஊரில் மிஞ்சிய அசல் ஒன்றே ஒன்றுதான். அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

“முதல் ரெண்டும் நேரா இருக்கா? மூணாவதைப் பாரு, லேசா சரிஞ்சு ஓடுது. அதுதான் மேதையோட கை! ஊதும்போது அந்தச் சரிவு சுருதியிலேயே கேட்கும்.”

டீயும் ஷார்ட்பிரெட் பிஸ்கட்டும் கொண்டுவந்த அவருடைய அக்கா ஊனாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“எங்கப்பாவுக்கு இது உயிரு,” என்று தொடர்ந்தார் டார்க்வில். “அஞ்சு வயசுல இதுக்காக என்னை பெல்ட்டால விளாசியிருக்கார். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. தொட்டிருப்பேன்போல. அவ்வளவு மதிப்பு!”

எஃபி தன் பைப்பைத் துணியில் சுற்றத் தொடங்கினாள். “எங்கப்பா பொய் சொல்ல மாட்டார் சார்.”

“பொய்யுன்னு நான் சொல்லலையே. பாவம், விவரம் தெரியாத மனுஷன். பார்ல ரெண்டு கிளாஸ் உள்ள போனா, நானே கடைஞ்சேன்னுகூடச் சொல்லியிருப்பார்.”

ஊனா தட்டை டக்கென்று மேசையில் வைத்தாள்.

“டார்க்வில், அவ அப்பாவைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசாத.”

“கடைசலைப் பத்தி உனக்கு என்னக்கா தெரியும்?”

“கடைசலைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. அரத்தைப் பத்திக் கொஞ்சம் தெரியும். எனக்கு அப்போ ஏழு வயசு. அப்பாவோட அரம் கைக்குக் கிடைச்சுது, இந்தக் குழலும் கிடைச்சுது. ரெண்டு கோடு நேராத்தான் ராவினேன். மூணாவது ராவறப்போ அப்பாவோட பூட்ஸ் சத்தம் கேட்டுது. கை வழுக்கிடுச்சு.”

டார்க்வில் பூதக்கண்ணாடியை எடுத்தார். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மறுபடியும் வைத்தார். எஃபி துணியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்போ... நான் வாங்கின அடி?”

ஊனா முதல் கோப்பையை எஃபியின் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

“நீதான்னு சொல்லிட்டேன்.”